பெரிய ஐயா பார்த்த வரைபடம்

போன வாரம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பேசியவர் பெயர் கார்த்திக். இப்போது அங்கே உதவிப் பொறியாளராக இருக்கிறாராம். இனிமேல் கோப்புகள் எல்லாம் கணினியிலேயே ஓடப்போகின்றனவாம், தாளுக்கே வேலை இல்லையாம், அதற்கு ஒரு தொடக்க விழாவாம்.

"பழைய ஆளுங்க ஒருத்தர் பேசுனா நல்லாருக்கும்னு சொல்றாங்க மேடம். அந்தக் காலத்துல கம்ப்யூட்டர் ஃபைலையெல்லாம் எப்படி மெயின்டெயின் பண்ணீங்கன்னு ஒரு பத்து நிமிஷம் சொன்னீங்கன்னா போதும்."

பராமரித்தோமாம்! காதில் விழுந்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் சந்தோஷத்தில் சிரிப்பதாக நினைத்துக்கொண்டு அவரும் சேர்ந்து சிரித்தார்.

"அப்புறம் ஒரு சின்ன டவுட் மேடம். பழைய ஃபைலையெல்லாம் புது சிஸ்டத்துல ஏத்திக்கிட்டிருக்கோம். போளூர் வீடுங்களோட டிராயிங் ஒண்ணு கெடக்கு. பேரு 'பெரிய ஐயா பார்த்தது'. அந்தப் பெரிய ஐயா யாருங்க மேடம்? அப்ரூவ் பண்ணவரு பேரைப் போடாம சிஸ்டம் உள்ளயே விட மாட்டேங்குது."

"ரெண்டு நாள் கழிச்சுக் கூப்பிடுங்க தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். அதை மேடையில் சொன்னால் மேடையில் உட்கார்ந்திருக்கும் பாதிப் பேர் எழுந்து போக வேண்டியிருக்கும். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் சகாயமேரி. ஊர் கன்னிவாடி. சிவில் டிப்ளமா முடித்துவிட்டு ஒரு அரசுத் துறையில் வரைதொழில் அலுவலராகச் சேர்ந்தேன். பொறியாளர்கள் தரையில் கட்டப்போகும் ரோட்டையும் பாலத்தையும் வீட்டையும் முதலில் தாளில் வரைந்து தருகிற வேலை. துறையின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஓய்வூதியம் வந்துகொண்டிருக்கிறது, அது கெடுவானேன்? மதுரையில் கொஞ்ச காலம், திண்டுக்கல்லில் கொஞ்ச காலம், அப்புறம் கோடைக்கானல். குளிருக்குப் பயந்து வேறு யாரும் மலையேற மாட்டேன் என்றதால் ஓய்வு பெறும்வரை என்னை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

பயிற்சிக் காலத்தில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தது ஒரே விஷயம். ஒரு வேலைக்கு ஒரு மூல வரைபடம்தான். அதில் கை வைத்தால், வலது கீழ் மூலையில் உள்ள கட்டத்தில் எத்தனையாவது திருத்தம், என்ன திருத்தம், யார் செய்தது, என்றைக்குச் செய்தது என்று எழுத வேண்டும். பழைய பிரதி யார் கையில் இருந்தாலும் திரும்ப வாங்கி, சிவப்புப் பென்சிலால் குறுக்கே கோடு இழுத்து 'ரத்து' என்று எழுத வேண்டும். இதைப் புரிந்துகொள்ள ஒரு காலைப்பொழுது போதும். கணினி வந்த பிறகு எங்கள் அலுவலகத்தால் வருடக்கணக்கில் புரிந்துகொள்ள முடியாமல் போனதும் இதையேதான். தாள் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. நகல் எடுக்கும் அறையில் அமோனியா நெடி மூக்கை அரித்ததும், டிரேசிங் தாளைப் பூச்சி தின்றதும் எனக்குத்தான் தெரியும்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடத்தில் கணினி வந்தது. சந்தனம், குங்குமம், பூமாலை, எலுமிச்சம்பழம் எல்லாம் அமர்க்களமாக நடந்தன. அந்த அறைக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போகக் கூடாது என்று ஒரு பலகை வேறு. மார்கழி மாதத்தில் கோடைக்கானல் சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நின்று பார்த்தவர்களுக்கு அந்தப் பலகையின் அருமை தெரியும். மலை ஈரத்தில், கோப்புகளைச் சேமிக்கிற பிளாப்பிகளில் பூஞ்சை பூத்தது. அதைத் துடைக்க ஒரு துணி கிடையாது. ஆனால் வருடம் தவறாமல் கணினிக்கு ஆயுத பூஜை மட்டும் நடந்தது.

இதற்கெல்லாம் மேல், கணினிக்குள் கடிகாரத்தை ஓட்டுகிற சின்ன பேட்டரி செத்துப்போயிற்று. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். அது செத்துவிட்டால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் கணினி தேதியை மறந்துவிட்டு ஏதோ ஒரு ஜனவரி ஒன்றாம் தேதிக்குத் திரும்பிப் போய்விடும். மலையில் கரண்ட் போகாத நாள் எது? ஆக எங்கள் கோப்புகள் அத்தனையும் புத்தாண்டு அன்று பிறந்தவை. எது முந்தியது, எது பிந்தியது என்று தேதியை வைத்துச் சொல்லவே முடியாது. பேட்டரி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். கணினிக்குத்தான் நிதி ஒதுக்கீடு, பேட்டரிக்கு இல்லை என்று பதில் வந்தது. சரி, என் கைக்காசில் வாங்கிப் போடுகிறேன் என்றேன். அரசாங்கப் பொருளைக் கண்டவர்கள் திறக்கக் கூடாது என்றார்கள்.

தேதிதான் போயிற்று, கோப்பின் பெயராவது ஒழுங்காக இருக்க வேண்டாமா? அங்கே கொண்டுவந்து மரியாதையை நுழைத்தார்கள் எங்கள் ஆட்கள்.

வழக்கம் இப்படி வளர்ந்தது. ஒரு வரைபடத்தை மேலதிகாரி திரையில் பார்த்துவிட்டால், அதற்கப்புறம் அந்தக் கோப்பின் மேல் யாரும் எதையும் சேமிக்கக் கூடாது. சேமித்தால் ஐயா பார்த்ததை அழித்த மாதிரி. அதனால் ஒவ்வொருவர் பார்த்ததும் ஒரு நகல் எடுத்து, பார்த்தவரின் பதவியைப் பெயரோடு சேர்த்துத் தனியாக வைக்க வேண்டும். சின்ன ஐயா பார்த்தது, ஐயா பார்த்தது என்று இங்கிலீஷ் எழுத்தில் தட்டி வைத்திருப்போம். இதற்கு யாரும் சுற்றறிக்கை போடவில்லை. அவரவர் பயத்தில் தானாக முளைத்து, கொஞ்ச நாளில் சட்டம் மாதிரி உட்கார்ந்துவிட்டது.

ஒரு வேலைக்கு ஏழெட்டு நகல் கிடக்கும். அதில் எது கடைசி? தேதி சொல்லாது. திருத்த எண் யாரும் போடுவதில்லை. யாருடைய பதவி பெரியதோ, அவர் பார்த்ததுதான் கடைசி! ஐயா பார்த்த மறுநாள் நான் பத்துப் பிழையைத் திருத்தி வைத்தாலும், பிழையோடு இருக்கும் ஐயாவின் கோப்புதான் செல்லும். என்னுடையது 'திருத்தியது' என்ற பெயரில் ஓரமாகக் கிடக்கும். படித்துப் பட்டம் வாங்கிய ஒரு கூட்டமே இதை ஏற்றுக்கொண்டு சம்பளம் வாங்கியது.

ஐயா என்றால் எங்கள் செயற்பொறியாளர் தண்டபாணி. பழனிக்காரர். உள்ளே ஒரு ஸ்வெட்டர், வெளியே ஒரு ஸ்வெட்டர், கழுத்தில் மஃப்ளர், தலையில் குல்லா, நெற்றியில் குல்லாவுக்குக் கீழே பாதி மட்டும் தெரிகிற திருநீறு. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். யாரையும் திட்ட மாட்டார், யாரிடமும் கை நீட்ட மாட்டார். ஆனால் தன் பெயர் எதிலும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு சிந்தனை கிடையாது.

அவர் வரைபடம் பார்க்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். மவுஸைத் தொட மாட்டார். பிளாஸ்கிலிருந்து சுக்குக் காப்பியை மூடியில் ஊற்றிக்கொண்டு திரைக்கு முன்னால் வந்து நிற்பார். உட்காரவும் மாட்டார். காப்பியை ஊதுவார். ஊதும்போது ஒரு பார்வை, குடிக்கும்போது ஒரு பார்வை. சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்துத் திரையின் கண்ணாடியில் எங்கேயாவது ஒரு இடத்தில் 'டொக்' என்று ஒரு தட்டு. எந்த இடம் என்பதற்கு அர்த்தம் கிடையாது. பிறகு "பாத்தாச்சு" என்பார். மூடியில் காப்பி தீரும்போது பரிசீலனையும் தீர்ந்துவிடும். திரை முழுக்கப் பென்சில் புள்ளிகள். துடைத்தால், ஐயா வைத்த குறி எங்கே என்று பாஸ்கர் பதறுவார். பாஸ்கர் என்பவர் அப்போதைய உதவிப் பொறியாளர், புதிதாக வேலைக்கு வந்தவர்.

ஒரு தடவை நான் ஐயாவிடம் போய் நேராகவே சொன்னேன். "ஐயா, ஒரு வேலைக்கு ஒரு ஃபைல் போதுங்க. திருத்தத் திருத்த நம்பர் போடுவோம். கடைசி நம்பர் மட்டும் ஒரு ஃபோல்டர்ல இருக்கட்டும். பழசை எல்லாம் வேற ஃபோல்டர்ல போட்டுப் பூட்டிருவோம். யார் எடுத்தாலும் சரியானதுதான் கையில வரும்."

அவர் மஃப்ளரைச் சரிசெய்துகொண்டு கேட்டார். "அப்ப நான் பாத்ததையும் பழசுல போட்டுருவீங்களா மேடம்?"

"திருத்தம் வந்துட்டா அதுவும் பழசுதானுங்களே ஐயா."

"நல்லா இருக்குதே கத!" என்றார். மறு வாரம் ஒரு உத்தரவு வந்தது. ஒவ்வொரு அதிகாரிக்கும் தனித்தனி ஃபோல்டர் திறக்க வேண்டும், அதில் அவரவர் பார்த்ததை அவரவர் பெயரில் வைக்க வேண்டும் என்று. நான் குழப்பத்தைக் குறைக்கச் சொன்னேன், அவர் அதற்கு ஆளுக்கொரு அறை கட்டிக் கொடுத்தார். அன்றைக்கு வந்த எரிச்சலில் நான் மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை.

இனி போளூர் விஷயம்.

கோடைக்கானல் மேல்மலையில் போளூர்ப் பக்கம் ஒரு தனியார் தோட்டம் இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் அங்கே கூலி வேலை பார்த்துக்கொண்டு, தோட்டத்துக்குச் சொந்தமான வரிசை வீடுகளில் குடியிருந்தன. அவர்கள் அதை லயம் என்பார்கள், அதில் ஒவ்வொரு அறையும் ஒரு காம்பரா. தோட்டம் கைமாறியதும் புது முதலாளி லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அரசாங்கம் ஒரு சரிவில் இடம் ஒதுக்கி, அந்தக் குடும்பங்களுக்கு வீடு கட்டித்தர முன்வந்தது. மேல் வரிசை, நடு வரிசை, கீழ் வரிசை என்று வரைந்தோம். யாருக்கு எந்த வீடு என்று குலுக்கல்கூட நடந்து முடிந்தது.

அந்த வரைபடம் வெயில் காலத்தில் அளந்து போட்டது. சரிவின் அடியில் புல் மூடிய ஒரு பள்ளம். அளந்தவர்கள் அதை வெறும் பள்ளம் என்று நினைத்துவிட்டார்கள். கீழ் வரிசை அதன் மேலேயே வந்தது. தண்டபாணி ஐயா காப்பியோடு வந்தார், ஊதினார், தட்டினார், "பாத்தாச்சு" என்றார். 'ஐயா பார்த்தது' என்று ஒரு நகல் பிறந்தது.

ஐப்பசி மழையில் நானும் பாஸ்கரும் இடத்தைச் சரிபார்க்கப் போனோம். ஜீப்பிலிருந்து இறங்கும்போதே சத்தம் கேட்டது. புல் மூடிய பள்ளத்தைக் காணோம். அந்த இடத்தில் இடுப்பளவுத் தண்ணீர் பாறாங்கல்லை உருட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. நல்ல ஓடை. மழைக்கு மழை அந்த வழியாகத்தான் வரும்.

சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பெண் எங்களிடம் வந்தாள். பெயர் தெய்வானை. நாற்பது வயது இருக்கும். கணவன் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள், கண் தெரியாத மாமியார். குலுக்கலில் அவளுக்கு விழுந்தது கீழ் வரிசை வீடு.

"இதுலயா மேடம் எங்க வீடு?" என்று ஓடையைக் காட்டினாள். "லயத்துல காம்பரா ஒழுகுச்சு, குளிரு அடிச்சுச்சு. எல்லாத்தையும் தாங்கிக்கிட்டோம். ஆனா தண்ணி ஒரு நாளும் உள்ளுக்கு வரல்ல. மாமிக்குக் கண்ணு தெரியாது. ராவுல இப்புடி வந்துச்சுன்னா அவங்களைத் தூக்குறதா, புள்ளைகளைத் தூக்குறதா? என்னால ஏலாது மேடம்."

"இங்க வராது. கீழ் வரிசை மொத்தத்தையும் மேல தூக்கிப் போடுறேன்" என்றேன்.

"மாத்திப் பேச மாட்டீங்களே?"

"மாட்டேன்."

அன்றைக்குக் கொடுத்த வாக்கு அது. கட்டித் தருகிற அதிகாரம் எனக்கு இல்லை. வரைகிற அதிகாரம் இருந்தது. திரும்பி வந்ததும் வரைந்தேன். மேல் வரிசைக்குப் பக்கவாட்டில் கெட்டியான மேட்டில் இடம் இருந்தது. கீழ் வரிசையை அப்படியே அங்கே நகர்த்தினேன். ஓடையை நீல நிறத்திலும், இருகரையிலும் எதுவும் கட்டக் கூடாத பட்டையைப் பச்சை நிறத்திலும் போட்டேன். யாரும் சொல்லாமல், பழைய பழக்கத்தில், வலது கீழ் மூலையில் திருத்த எண், தேதி, காரணம் எல்லாம் எழுதி என் சுருக்கொப்பத்தையும் போட்டேன். பிறகு ஐயாவைக் கூப்பிட்டேன்.

"ஐயா, போளூர்ல கீழ் வரிசை ஓடையில வருதுங்க. மாத்திருக்கேன். ஒரு தடவை பாத்துருங்க."

"அதான் பாத்தாச்சே மேடம்."

"அது பழசுங்க ஐயா. அதுல வீடு கட்டுனா மழைக்கு மழை தண்ணி வீட்டுக்குள்ளதான் போகும்."

அவர் திரையின் பக்கமே திரும்பவில்லை. ஜன்னல் வழியாக மூடுபனியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் பாத்ததை வச்சு மேலுக்கு லெட்டர் போயிருச்சு. இப்ப ரெண்டாவதா ஒண்ணைப் பாத்தேன்னா, மொதல்ல பாத்தப்ப என்னத்தய்யா பாத்தேன்னு கேக்க மாட்டாங்களா? வச்சுட்டுப் போங்க. நேரம் வரட்டும்."

அவர் பேசியதிலேயே உண்மையான பேச்சு அது ஒன்றுதான். முதல் தடவை அவர் எதையும் பார்க்கவில்லை. அது வெளியே தெரியக் கூடாது என்பதற்காக இரண்டாம் தடவையும் பார்க்க மறுத்தார். கண் தெரியாத ஒரு கிழவியும் இரண்டு பிள்ளைகளும் தண்ணீரில் போவது பரவாயில்லை, தன் 'பாத்தாச்சு' போய்விடக் கூடாது! நான் என் கோப்பை 'திருத்தியது' என்று சேமித்துவிட்டு, பாஸ்கரைக் கூப்பிட்டு, வேலை தொடங்கும்போது இதிலிருந்துதான் பிரதி எடுக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் பலமாகத் தலையாட்டினார்.

பங்குனி கழிந்து வெயில் ஏறியதும் ஒப்பந்தக்காரர் வந்தார். ஒரு நாள் நான் அலுவலகம் திறக்கும்போதே வாசலில் தெய்வானை நின்றுகொண்டிருந்தாள். வெள்ளனே கிளம்பி முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள்.

"மேடம், முளை அடிச்சிட்டுப் போயிட்டாங்க. எங்க வீடு அந்தப் பள்ளத்துலயே வருது. காய்ஞ்சு கெடக்குறதால அவங்களுக்கு ஒண்ணும் தெரியல்ல. நான் சொன்னேன், ஓடை வரும்னு. பிளானைக் காட்டி, இதுல ஓடையே இல்லையேம்மான்னு சொல்றாங்க. நீங்க மாட்டேன்னு சொன்னீங்களே மேடம்."

அவள் அழவில்லை, சண்டை போடவும் இல்லை. நான் சொன்னதை எனக்கு ஞாபகப்படுத்திவிட்டுச் சும்மா நின்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பாஸ்கரைப் பிடித்து உலுக்கினேன். எந்தக் கோப்பிலிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் கையைப் பிசைந்தார். "ஐயா பாத்தது இருக்கறப்ப நீங்க திருத்துனதை எடுத்துக் குடுத்தா எனக்கு மெமோ வரும் மேடம். நான் இன்னும் புரபேஷன்ல இருக்கேன்."

"அந்த ஓடையில நீங்களும் நின்னீங்கள்ல? உங்க பூட்ஸ்ல தண்ணி போச்சுல்ல?"

"போச்சுங்க மேடம்" என்றார். அவ்வளவுதான்.

ஐயாவிடம் மறுபடி போனேன். அவர் இந்தத் தடவை என்னை உட்காரவே சொல்லவில்லை. சீசன் ஆரம்பித்துவிட்டது, பெரிய ஐயா ஆய்வுக்கு வருகிறார், இப்போது போய் போளூர் கீளூர் என்று வராதீர்கள் என்றார். திங்கட்கிழமை அஸ்திவாரம் தோண்ட ஆள் வருகிறது. அஸ்திவாரம் போட்டுவிட்டால் அப்புறம் அரசாங்கத்தில் யாரும் வீட்டை நகர்த்த மாட்டார்கள். அவர் கவலை பெரிய ஐயாவுக்கு வாங்க வேண்டிய பிளம்ஸ் பழத்தைப் பற்றியதாக இருந்தது.

பெரிய ஐயா என்பவர் தண்டபாணி ஐயாவுக்கு மேலே உள்ள கண்காணிப்புப் பொறியாளர். கோடைக்கானலில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், எங்களை ஆய்வு செய்ய மேலதிகாரிகள் மே மாதத்தில் மட்டும்தான் வருவார்கள். கொட்டும் மழையில், ரோடு சரிந்து கிடக்கும்போது ஒருத்தர் வந்து ஆய்வு செய்து நான் பார்த்ததில்லை. மே மாதம் என்றால் மனைவி, மக்கள், மச்சினர் குடும்பம் என்று வேன் நிறைய ஆய்வு வரும். ஏரியை ஆய்வார்கள், தூண்பாறையை ஆய்வார்கள், கடை கடையாகச் சாக்லேட்டை ஆய்வார்கள். கிளம்பும்போது வேனில் கேரட்டும் பட்டர் ஃப்ரூட்டும் தைல பாட்டிலும் எங்கள் ஆட்கள் ஏற்றிவிடுவார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை ஏரியில் படகுக்குக் கிளம்பியவர்களை மழை பிடித்துக்கொண்டது. போக்கிடம் இல்லாமல் பெரிய ஐயா மட்டும் அலுவலகத்துக்குள் வந்தார். தண்டபாணி ஐயா பின்னாலேயே குடையோடு ஓடி வந்தார். எதைக் காட்டுவது என்று தெரியாமல், "இதுதாங்க சார் நம்ம கம்ப்யூட்டர் ரூம்" என்று சந்தனப் பொட்டு வைத்த கணினியைக் காட்டினார். அதற்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் குரல் வராந்தாவில் கேட்டபோதே போளூரைத் திறந்துவிட்டேன். 'திருத்தியது' திரையில் விரிந்து நின்றது.

"என்னம்மா இது?" என்றார் பெரிய ஐயா.

நான் எழுந்து நின்றேன். "போளூர் வீடுங்க சார். கீழ் வரிசை ஓடையில வந்துச்சு. அதை மேட்டுக்கு மாத்தியிருக்கோம்." வேண்டுமென்றே 'மாத்தியிருக்கோம்' என்று எல்லோரையும் சேர்த்துச் சொன்னேன். தண்டபாணி ஐயாவின் கையில் குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் வாயைத் திறந்தாலும் என்ன சொல்வார்? இல்லைங்க சார், நாங்கள் ஓடையில்தான் கட்டப்போகிறோம் என்றா?

பெரிய ஐயா திரையை உற்றுப் பார்த்தார். எங்கள் ஐயாவைப் போலவே ஒரு விரலை நீட்டிக் கண்ணாடியைத் தொட்டார். நல்லவேளை, பென்சில் இல்லை. "இந்தப் பச்சைக் கலர் நல்லா இருக்கு" என்றார். "மழை விட்டுருச்சா பாருங்க. பசங்க படகுல போகணும்னு கத்திக்கிட்டிருக்காங்க."

அவர் திரும்பியதும் நான் உட்கார்ந்தேன். தண்டபாணி ஐயா இன்னும் அறையில் நிற்கும்போதே, அவர் கண்ணுக்கு முன்னால், அந்த வரைபடத்துக்கு ஒரு நகல் எடுத்து 'போளூர் வீடு பெரிய ஐயா பார்த்தது' என்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிச் சேமித்தேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு வரைபடம் ஒப்புதல் ஆவது எப்படியோ, அப்படியேதான் இதுவும் ஆயிற்று. ஒரு சடங்கு குறைவில்லை. காப்பி மட்டும்தான் இல்லை.

சனிக்கிழமை காலையில் ஐயா என்னைக் கூப்பிட்டார். மெமோவை எதிர்பார்த்துத்தான் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "பெரிய ஐயா பாத்ததுக்கு அப்புறம் நாம என்னங்க மேடம் சொல்றது? பாஸ்கர்கிட்டச் சொல்லி வெரசா புதுப் பிரிண்ட்டு எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க. பழைய முளையைப் பிடுங்கிரட்டும்" என்றார். குரலில் ஒரு நிம்மதி இருந்தது. திருத்தம் மேலேயிருந்து வந்துவிட்டது, ஆகவே தன் 'பாத்தாச்சு'வை யாரும் கேள்வி கேட்க முடியாது. ஒரு ஐப்பசியிலிருந்து சித்திரைவரை நான் கத்தியது காதில் ஏறவில்லை. பச்சைக் கலர் நல்லா இருக்கு என்ற ஒரு வார்த்தை அத்தனை வீட்டையும் மேட்டில் ஏற்றிவிட்டது.

பாஸ்கர் சிட்டாகப் பறந்து பிரதி எடுத்தார். நானும் ஜீப்பில் ஏறிப் போய் முளைகளைப் பிடுங்குவதை நின்று பார்த்தேன். தெய்வானை மாமியாரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து மேட்டில் புது முளைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். கிழவி குனிந்து முளையைத் தடவிப் பார்த்தது. அதன் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

அடுத்த மழைக்கு ஓடை வழக்கம்போல் வந்தது. கீழ் வரிசை இருந்திருக்க வேண்டிய இடம் முழுக்கத் தண்ணீர், கல், வேரோடு பெயர்ந்த மரம். மேட்டில் வீடுகள் கதவு உயரம் தாண்டி லிண்டல் மட்டத்துக்கு எழும்பி நின்றன. பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்க வந்தார்கள். தண்டபாணி ஐயா குல்லாவைக் கழற்றிவிட்டு மேட்டில் நின்று, தொலைநோக்கோடு திட்டமிட்டதாகப் பேட்டி கொடுத்தார். எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். தொலைநோக்காம்! மூன்றடியில் இருந்த திரையைப் பார்க்காத மனிதர். பாஸ்கர் பக்கத்தில் நின்று, "அப்பவே ஐயா சொன்னாங்க" என்றார். அவர் புரபேஷன் நல்லபடியாக முடிந்தது.

அதற்குப் பிறகாவது கோப்புகளுக்கு எண் போட்டார்களா என்று கேட்காதீர்கள். என் காரியத்தைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொண்டது வேறு பாடம். எந்த வேலை சிக்கினாலும் மே மாதம்வரை காத்திருந்து, பெரிய ஐயா ஏரிக்குப் போகும் வழியில் ஒரு தடவை திரைக்கு முன்னால் நிறுத்திவிடத் தொடங்கினார்கள். நான் ஓய்வு பெறும் நாள்வரை அந்தப் பேட்டரியை யாரும் மாற்றவில்லை.

சொன்னபடி கார்த்திக் மறுபடி கூப்பிட்டார். இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். அந்தப் பெரிய ஐயாவுக்கு அது போளூர் என்றே ஞாபகம் இருக்காது, அந்த வரைபடத்தைப் போட்டது நான், சரி என்று முடிவு செய்ததும் நான், மூலைக் கட்டத்தில் என் சுருக்கொப்பம் இருக்கிறது, ஒப்புதல் தந்தவர் இடத்தில் என் பெயரையே போடுங்கள் என்றேன்.

சிறிது நேரம் தட்டுகிற சத்தம் கேட்டது. "மேடம், தப்பா நினைக்காதீங்க. நம்மளா டைப் பண்ண முடியாது. லிஸ்ட்ல இருக்கிற பேரைத்தான் எடுக்கணும். லிஸ்ட்டு செயற்பொறியாளர்ல இருந்துதான் ஆரம்பிக்குது. வரைதொழில் அலுவலர்னு ஒரு பதவியே அதுல இல்ல."

"அப்ப என்ன செய்யப்போறீங்க?"

"அப்ப செயற்பொறியாளரா இருந்த தண்டபாணி சார் பேரு இருக்கு மேடம். அவரையே போட்டுர்றேன். விழாவுக்கும் அவருதான் சிறப்பு விருந்தினர்" என்றார் கார்த்திக். "நீங்க பேசுறதுக்கு அவரு தலைமை தாங்குவாரு."

புது சிஸ்டமாம்! அதே மரியாதையை இப்போது இயந்திரத்துக்குள்ளேயே வைத்துக் கட்டிவிட்டார்கள். முன்பு பயந்தாவது செய்தார்கள். இனி பயப்படக்கூட ஆள் வேண்டாம். எனக்கு வேறு சோலி இருக்கிறது என்று சொல்லி போனை வைத்தேன்.

விழா நடந்த அன்று நான் கூக்கால் ஊர் வழியாகப் போகிற போளூர் பஸ் ஏறினேன். நல்ல மழை. தெய்வானை வாசலில் வந்து குடையை வாங்கிக்கொண்டாள். பெரியவளைக் கட்டிக்கொடுத்துவிட்டாள், சின்னவள் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். மாமியார் அந்த வீட்டில் ஏழெட்டு வருடம் நன்றாக இருந்து கட்டிலிலேயே போய்ச் சேர்ந்தாராம். பால் விடாத தேத்தண்ணி கொடுத்தாள். கீழே ஓடை காதை அடைக்கிற மாதிரி இரைந்துகொண்டு போயிற்று.

"இந்தச் சத்தத்துல எப்படித் தூங்குறீங்க? பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

தெய்வானை என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "என்னாத்துக்குப் பயம் மேடம்? அது அது எடத்துல போவுது. நாங்க எங்க எடத்துல இருக்கோம்."